பெட்டி எழுதி வைத்த பெயர்

சித்தூர்
13 செப்டம்பர் 2025

தாட்சாயணிக்கு,

இந்த வாரம் மட்டும் நீ ஏழு தடவை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. எடுத்தால் இரண்டாவது நிமிஷம் சண்டை வரும், மூன்றாவது நிமிஷம் யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். மெசேஜ் அனுப்பலாம் என்று பார்த்தேன், கை ஓடவில்லை. கடைசியில் எதிர்க் கடையில் கோடு போட்ட தாள் வாங்கி வந்தேன். நான் இதை எத்தனை மணிக்கு எடுத்தேன், எத்தனை தடவை கிழித்தேன், நடுவில் எழுந்து எங்கே போனேன் என்று இந்தத் தாள் யாரிடமும் சொல்லாது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

எனக்குத் தமிழ் எழுத்து ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. அதற்கப்புறம் எல்லாம் தெலுங்கு மீடியம். தப்பு இருந்தால் சிரிக்காதே. நகரியில் பத்தாவது வரை தமிழில் படித்தவள் நீ.

என் பக்கத்தை ஒரு தடவை, நடுவில் யாரும் பேசாமல், முழுசாகச் சொல்ல வேண்டும். கீழே நம் நெட் சென்டர், மேலே வீடு, இரண்டுக்கும் ஒரே லைன். ஜூன் மாதம் அந்த லைனில் உள்ளங்கை அளவு ஒரு பெட்டியை மாட்டினாய். “கெட்ட சைட் எதுவும் தொறக்காது, சென்டர் கம்ப்யூட்டர் எல்லாம் பத்திரமா இருக்கும்” என்றாய். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நம் தெருவில் யார் வீட்டில் இப்படி ஒரு பெண்டாட்டி இருக்கிறாள் என்று. ஆனால் யாருடைய போன் எந்த நேரத்தில் எந்தப் பெயரைக் கேட்டது என்று அந்தப் பெட்டி எழுதியும் வைக்கும் என்பதை நீ சொல்லவில்லை.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம், சாப்பாட்டுத் தட்டின் முன்னால், என் அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது கேட்டாய். “பதினோரு நாளா சாயங்காலம் ஆனா தத்து எடுக்கிற சைட்டையே பாத்துக்கினு இருக்கீங்களே, இன்னாத்துக்கு?” அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. நான் எழுந்து கீழே போய்ப் பெட்டியைப் பிடுங்கினேன். அதைத் தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

எட்டாம் நாள் நீ திருப்பதியில் வேலை என்று கிளம்பிவிட்டாய். அம்மா தினமும் கேட்கிறாள், “அவ துன்னாளோ இல்லையோ, ஒரு வார்த்தை கேளேன்டா” என்று. கேட்டுவிட்டேன் என்று பொய் சொல்கிறேன். எனவே இதற்குப் பதில் போடு. துன்றியா?

பரணி


திருப்பதி, பைராகிப்பட்டேடா
20 செப்டம்பர் 2025

மாமா,

துன்றேன். அத்தையிடம் சொல்லுங்கள். ஹாஸ்டல் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள், அதனால் பாதி நாள் தயிர் சோறு.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். எழுத்துப் பிழை ஒன்பது. சிரிக்கவில்லை.

இங்கே என் வேலை, ஒரு பெண்கள் கல்லூரியின் நெட்வொர்க். வகுப்புகள், இரண்டு கம்ப்யூட்டர் லேப், அறுநூறு பெண்கள் தங்கும் விடுதி. நம் வீட்டில் செய்ததையே இங்கே பெரிதாகச் செய்கிறேன். அதை உங்களுக்கு நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. ஒரு கம்ப்யூட்டரோ போனோ எந்த சைட்டுக்குப் போவதாக இருந்தாலும், முதலில் அதன் பெயரைச் சொல்லி விலாசம் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்துக்கு டிஎன்எஸ் என்று பேர். அங்கே என் பெட்டி உட்கார்ந்திருக்கும். மோசடி சைட், வைரஸ் பரப்பும் சைட் என்று பட்டியலில் இருக்கிற பெயரை யாராவது கேட்டால், அப்படி ஒரு விலாசமே இல்லை என்று சொல்லிவிடும். வாசலிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே வந்த பிறகு துரத்த வேண்டியதில்லை.

கேட்ட பெயர்களைக் குறித்து வைப்பதற்கும் காரணம் உண்டு. போன வாரம் இரண்டாவது லேபில் ஒரு கம்ப்யூட்டர், யாருமே தொடாதபோது, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அர்த்தமில்லாத ஒரு பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்தது. குறிப்பைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். உள்ளே ஏதோ ஒன்று புகுந்து, வெளியிலிருக்கும் தன் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பெட்டி பதில் சொல்லாததால் அந்தக் கூப்பாடு யாருக்கும் போய்ச் சேரவில்லை. கம்ப்யூட்டரைக் கழற்றி எடுத்துச் சுத்தம் செய்தேன். ஆகவே நான் வேவு பார்ப்பதற்காகப் பெட்டி மாட்டினேன் என்று நினைக்காதீர்கள்.

இப்போது என் பக்கம். மே மாதத்திலிருந்து என் வயிற்றில் தினம் ஒரு ஊசி. இடது பக்கம் ஒரு நாள், வலது பக்கம் ஒரு நாள். ஜாக்கெட்டுக்குக் கீழே, புடவை கட்டும் இடமெல்லாம் ரத்தம் கட்டி நீலம். இரண்டு குழந்தையைச் சுமந்து இரண்டையும் தொலைத்த உடம்பு, மூன்றாவது தடவை தயாராகிக்கொண்டிருந்தது. நீங்கள் அதே வீட்டில், அதே லைனில், சாயங்காலம் தேநீர் குடித்துக்கொண்டே வேறு யாரோ பெற்ற குழந்தையைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. என்னால் ஆகாது என்று முடிவு கட்டிவிட்டீர்கள் என்றுதானே அதற்கு அர்த்தம்? அத்தை முன்னால் கேட்டது தப்பு. வேறு எதுவும் தப்பாகத் தெரியவில்லை.

ஊசியை நிறுத்திவிட்டேன். நீலம் மறைந்துகொண்டு வருகிறது. அதைப் பார்த்தாலும் அழுகை வருகிறது.

தாட்சாயணி


சித்தூர்
9 அக்டோபர் 2025

தாட்சா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதி வைத்திருந்தேன். கோபமான பதில். அதைக் கிழித்துவிட்டேன். இங்கே வேறு ஒன்று நடந்துவிட்டது. உனக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். சொன்னால் “நான் சொல்லல?” என்பாய். பரவாயில்லை, சொல்.

திங்கட்கிழமை காலை சென்டரில் நல்ல கூட்டம். நர்சிங் கவுன்சலிங்குக்குச் சான்றிதழ் ஏற்ற அன்றுதான் கடைசி நாள். வெதுருகுப்பத்திலிருந்து சுமித்ரா என்று ஒரு பெண், அவள் அப்பா ஏழுமலையோடு வந்திருந்தாள். அவர் கூலி வேலைக்குப் போகிறவர், அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். அவளுக்கு நானே உட்கார்ந்து சைட்டைத் திறந்தேன். பார்க்க அப்படியே கவுன்சலிங் சைட் மாதிரி இருந்தது. பெயரில் ஒரே ஒரு எழுத்து கூடுதலாக இருந்ததை நான் கவனிக்கவில்லை. “ஃபாரம் டவுன்லோடு செய்யவும்” என்று வந்தது, செய்தேன். அரை மணி நேரத்தில் ஐந்து கம்ப்யூட்டரும் ஒன்றன் பின் ஒன்றாகக் கறுப்பாகிவிட்டன. எல்லா ஃபைலும் பூட்டியாகிவிட்டது, திறக்கப் பணம் அனுப்பு என்று சிவப்பில் ஒரு அறிவிப்பு.

ஏழுமலை என் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, இது இன்னிக்குப் போவலன்னா எம் பொண்ணு ஒரு வருசம் வூட்ல குந்திக்கினு இருக்கணும். அப்பறம் அவ மாமங்காரன் கல்யாணம்னு வந்து நிப்பான்.” நான் சென்டரைப் பூட்டிவிட்டு அவளையும் அவரையும் பைக்கில் ஏற்றி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலுள்ள பிரபாகரின் நெட் சென்டருக்கு ஓடினேன். நல்லவேளை, அசல் சான்றிதழ் பையிலேயே இருந்தது. திரும்ப ஸ்கேன் செய்து, சரியான சைட்டில், சாயங்காலம் நாலரைக்கு ஏற்றினோம். அது போய்விட்டது. அந்த ஒன்றாவது நல்லபடியாக முடிந்தது.

சென்டரில் ஃபைல் வைத்திருந்த மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். நிறைய பேர் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

உன் பெட்டி மாட்டியிருந்தால் இது வந்திருக்காது இல்லையா? பீரோவில் என் சட்டைகளுக்குக் கீழே கிடக்கிறது அது. அதைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அதை எழுத முடியவில்லை. நீயே யோசித்தால் தெரியும். மூன்றாவது கம்ப்யூட்டர், டி டிரைவ்.

பரணி


திருப்பதி
12 அக்டோபர் 2025

மாமா,

ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், மற்றதைக் கடைசியில்.

லைனைப் பிடுங்கியே வையுங்கள். பணம் அனுப்பாதீர்கள், அனுப்பினாலும் திறப்பான் என்று நிச்சயமில்லை. சைபர் போலீசில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஐந்து ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றி, பேர் எழுதி ஒட்டி, தனியாக எடுத்து வையுங்கள். அழித்துவிடாதீர்கள். இந்த மாதிரிப் பூட்டுக்கு வருஷங்கள் கழித்துச் சாவி வெளியே வந்ததுண்டு. புது டிஸ்க் போட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றுங்கள். வீட்டுக்கு ஒரு லைன், சென்டருக்கு ஒரு லைன் என்று பிரித்துவிடுங்கள். அந்தப் பெண்ணின் பாஸ்வேர்டைப் பொய் சைட்டில் அடித்திருந்தால் இன்றே மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம் பெட்டி. அது இருந்திருந்தால் நிச்சயம் தடுத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கவுன்சலிங் பெயரில் ஒரு எழுத்து கூட்டி வந்த அந்தப் பொய்ப் பெயரை இங்கே தேடி, அது எப்போது பிறந்தது, அதாவது பதிவானது என்று பார்த்தேன். மூன்று நாள்தான் ஆகியிருந்தது. புதிதாய்ப் பிறந்த பெயர்களையெல்லாம் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கும்படி நான் அமைத்திருந்தேன், அதனால் தடுத்திருக்கலாம். தடுக்காமலும் போயிருக்கலாம். உங்களைக் குற்றம் சொல்லி ஜெயிக்க எனக்கு ஆசையில்லை.

ஆனால் மாட்டுங்கள். மாட்டும்போது ஒன்று செய்யுங்கள். அமைப்புப் பக்கத்தில் மூன்றாவது வரி, கேட்ட பெயர்களைக் குறித்து வைக்கவா என்று இருக்கும். வேண்டாம் என்று போடுங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள், புதுசு எனக்குத் தெரிய வேண்டாம். குறிப்பு எழுதாமலேயே பெட்டி கெட்ட பெயர்களைத் தடுக்கும். இது எனக்கு ஜூனிலேயே தெரியும், மாமா. சென்டருக்குக் குறிப்பு வேண்டும், வீட்டுக்கு வேண்டாம் என்று பிரித்து வைத்திருக்கலாம். பிரிக்கவில்லை. முதலில் சோம்பல். அப்புறம் பழக்கம். சாயங்காலம் ஆனால் அதைத் திறந்து, உங்கள் போன் வரிசையைப் பார்ப்பேன். கிரிக்கெட் ஸ்கோர், செய்தி, தக்காளி விலை. நாம் பேசுவது குறைந்துபோன மாதங்கள் அவை. உங்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும். அதற்கு நியாயம் இல்லை என்று தெரியும். சொல்லத்தான் சொல்கிறேன்.

டி டிரைவ். தெரியும். இரண்டாவது குழந்தையின் ஐந்தாம் மாத ஸ்கேன் வீடியோ. இரண்டு நிமிஷம். பென் டிரைவில் கொடுத்ததை அங்கே ஏற்றிவிட்டு, பென் டிரைவில் வேறு எதையோ போட்டு யாருக்கோ கொடுத்துவிட்டோம். என் போனில் வைத்துக்கொண்டால் நாளெல்லாம் அதையே பார்ப்பேன் என்று பயந்து ஏற்றிக்கொள்ளவில்லை.

வேறு எங்கும் இல்லை.

தாட்சா


சித்தூர்
26 அக்டோபர் 2025

தாட்சா,

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். இரண்டு லைன் வந்தாகிவிட்டது. பெட்டி பழைய இடத்தில் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கிறது, எதையும் எழுதுவதில்லை. மூன்றாவது டிஸ்க்கை அம்மாவின் பட்டுப்புடவைக்குள் சுற்றிப் பீரோவில் வைத்திருக்கிறேன். அம்மா என்னவென்று கேட்டாள், சொன்னேன். அதற்கப்புறம் அந்தப் பீரோவை அவளே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

உன் குறிப்பில் வராத ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்த வீடியோவை நான் பார்ப்பேன். மத்தியானம் சென்டரில் யாரும் இல்லாதபோது, மூன்றாவது கம்ப்யூட்டரில். அது அந்த டிஸ்க்கிலேயே இருந்ததால் எந்தப் பெயரையும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதனால் உனக்குத் தெரியவில்லை. எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. நான் அழுது நீ பார்த்ததில்லை, அதனால் எனக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்திருப்பாய்.

இனி முக்கியமானது. எழுதினால் நீ கோபப்படுவாய், அது நியாயம். ஜனவரியில் இரண்டாவது தடவை ஆனபோது உனக்கு ரத்தம் நிற்கவில்லை இல்லையா? உன்னை உள்ளே வைத்துக்கொண்டு, பழைய டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். “பரணிகாரு, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்க வைஃபைக் காப்பாத்தித் தருவேன்னு நான் வாக்கு குடுக்க முடியாது. வீட்ல நிதானமா பேசி முடிவு பண்ணுங்க” என்றார். நான் பேசவில்லை. எப்படிப் பேசுவது? நீ கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, “அடுத்த தடவ எப்போ பாக்கலாம்னு கேட்டீங்களா?” என்பது.

மே மாதம் நீயே திருப்பதியில் வேறு ஆஸ்பத்திரி பார்த்து ஊசியை ஆரம்பித்தாய். ஒவ்வொரு ஊசிக்கும் நான் ஐஸ் வைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த வராந்தாதான். ஆகஸ்ட் வந்ததும் தாங்க முடியாமல் அந்த சைட்டுக்குப் போனேன். உன்னால் ஆகாது என்று போகவில்லை, தாட்சா. நீ வேண்டும் என்று போனேன். குழந்தையும் வர வேண்டும், நீயும் இருக்க வேண்டும், இரண்டுக்கும் வழி இருக்கிறதா என்று பார்த்தேன். முழுசாகப் புரிந்துகொண்டு உன்னிடம் சொல்லலாம் என்று இருந்தேன். சொல்லியிருப்பேனா என்பது சத்தியமாகத் தெரியவில்லை.

வீடு பெரிசாக இருக்கிறது. துணி காயப்போடும் கயிற்றில் பாதி காலியாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பரணி


திருப்பதி
11 நவம்பர் 2025

மாமா,

பதினைந்து நாள் எழுதவில்லை. முதல் ஒரு வாரம் உங்கள் மேல் அவ்வளவு கோபம். என் உடம்பைப் பற்றிய சேதி ஒன்பது மாதம் உங்களிடம் இருந்திருக்கிறது. நான் உங்கள் போனை எட்டிப் பார்த்தேன் என்று சொல்கிறீர்களே, என் உயிரைப் பற்றி நானே தெரிந்துகொள்ளாமல் நீங்கள் தடுத்து வைத்தீர்கள். எனக்கு எது தெரியலாம், எது தெரியக்கூடாது என்று நீங்களே முடிவு செய்தீர்கள். இதை எழுதாமல் மேலே எழுத முடியாது. எழுதிவிட்டேன்.

ஊசி போட்ட ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். பழைய ரிப்போர்ட்டையெல்லாம் மேஜையில் வைத்து நேராகக் கேட்டேன். ஆபத்து உண்டு, கவனமாகப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டோம், முடிவு உங்களுடையது என்றார்கள். வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். நீங்கள் ஜனவரியில் வராந்தாவில் தனியாக நின்றது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பக்கத்தில் யாராவது இருந்தால் தேவலை என்று இருந்தது. நீங்கள்தான் இருக்க வேண்டும் என்று இருந்தது.

கல்லூரியில் ஒன்று நடந்தது. விடுதியில் ஒரு பெண் என் மேஜைக்கு வந்து, “அக்கா, ஒரு சைட் தெறக்க மாட்டேங்குது” என்று ஒரு சீட்டை வைத்தாள். வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கு உதவி செய்யும் இடம் அது. ஏதோ ஒரு பட்டியல் அதையும் தவறாக ஆபாசக் கணக்கில் சேர்த்திருந்தது. உடனே திறந்துவிட்டேன். யாருக்கு, எதற்கு என்று கேட்கவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், கேட்கப் போகிறேன் என்று பயந்து. கேட்காததும் அவள் தோள் இறங்கியதே, அதைப் பார்த்து எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. ரசக் கரண்டியும், நீங்கள் எழுந்து போனதும்.

மறுநாள் நிர்வாக அதிகாரி புருஷோத்தமன் கூப்பிட்டார். “ஏ அம்மாயி ஏமி சூஸ்துந்தோ நாகு லிஸ்ட் காவாலி” என்றார். எந்தப் பெண் எதைப் பார்க்கிறாள் என்று அறை வாரியாக அவருக்குப் பட்டியல் வேண்டுமாம். வைரஸ் தடுக்க லேப் குறிப்பு ஒரு வாரம் இருக்கும், விடுதி அறைகளுக்குக் குறிப்பே கிடையாது சார், நேற்றே நிறுத்திவிட்டேன் என்றேன். யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்றார். காரணத்தை எழுதிக் கொடு என்றார், எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ன ஆகும் என்று தெரியாது.

அன்று சாயங்காலம் அந்தத் தத்து சைட்டை முதல் தடவையாக நானே திறந்தேன். ஆகஸ்டில் எனக்குப் பெயர் மட்டும்தான் தெரிந்தது, மாமா. பெயரை வைத்து ஒரு பக்கத்தையே மனசுக்குள் எழுதிக்கொண்டேன். அழகான குழந்தைகள் வரிசையாகச் சிரிக்க, நீங்கள் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுப்பது மாதிரி. அங்கே அப்படி ஒரு படமும் இல்லை. விதிகள். வயது வரம்பு, மருத்துவச் சான்று, காத்திருக்கும் காலம். பதினோரு சாயங்காலம் இதையா படித்தீர்கள்? ஆங்கிலத்தில், அகராதி வைத்துக்கொண்டா?

நாம் அந்தக் குழந்தைக்காக ஒரு தடவைகூட சேர்ந்து அழவில்லை. நீங்கள் மத்தியானம் கீழே, நான் குளியலறையில். வீடியோ போய்விட்டது. எனக்கு ஞாபகம் இருப்பது இதயம் அடித்த சத்தம், மாவு மில்லில் பெல்ட் ஓடுவது மாதிரி. உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது? எழுதாதீர்கள். 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன்.

தாட்சா


சித்தூர்
25 நவம்பர் 2025

தாட்சா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். சந்திரகிரி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலை மூட முடியவில்லை, தோள் முழுக்க நனைந்துவிட்டது.

கபில தீர்த்தம் போகலாம், கோயிலுக்குப் போகலாம் என்று ஏதேதோ நினைத்து வந்தேன். கடைசியில் மூன்று மணி நேரம் பஸ் ஸ்டாண்ட் கேன்டீனிலேயே உட்கார்ந்திருந்தோம். ஈரத் தரை, பலமனேர் பஸ், புத்தூர் பஸ் என்று கத்திக்கொண்டே இருந்த மைக். எனக்கு அதைவிட நல்ல இடம் இருந்திருக்காது. நீ இளைத்துவிட்டாய் என்று சொல்ல நினைத்து “காபி சூடா இருக்குது” என்று சொன்னேன். நீ சிரித்தாய். ஆகஸ்டிலிருந்து அதைக் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

வீடியோவில் குழந்தையின் கை முகத்தை மூடிக்கொண்டு, அப்புறம் விரல்களை ஒரு தடவை விரித்ததே, அதை நான் செய்து காட்டியபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். எதிர் மேஜைக்காரர் பார்த்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எல்லோரும் பார்க்கும்படியே அழுதேன்.

நீ ஒரு பெயர் வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது. ஆணானாலும் பெண்ணானாலும் தரணி என்று. நான் எதுவும் வைக்கவில்லை. பெயர் வைத்தால் போய்விடுமோ என்று பயம். பஸ்ஸில் வரும்போது வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். அவள் பூஜை அறையில் இன்னொரு விளக்கும் ஏற்றினாள்.

சுமித்ராவுக்கு நர்சிங் சீட் கிடைத்துவிட்டது. ஏழுமலை ஒரு மூட்டை வேர்க்கடலையோடு வந்தார். உன்னைக் கேட்டார். ஊரில் இல்லை என்றேன். “இட்டுக்கினு வாங்க தம்பி” என்றார், அவருக்கும் அம்மாவுக்கும் ஒரே பேச்சு.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். தத்துக்குப் பதிவு செய்வதற்கான உறுதிமொழி. கணவன், மனைவி இருவர் சம்மதமும் வேண்டும், இரண்டு கையெழுத்து. நான் பதினோரு நாள் படித்தும் மேலே போக முடியாமல் நின்ற இடம் அதுதான். நீ இல்லாமல் அதில் ஒரு அடி நகர முடியாது. கட்டாயம் இல்லை. நீ மறுபடி ஊசி என்றால், டாக்டரிடம் இருவரும் சேர்ந்து போய்க் கேட்போம், இந்தத் தடவை வராந்தாவில் நான் தனியாக நிற்க மாட்டேன். எதுவுமே வேண்டாம் என்றாலும் சரி. நீ மட்டும் போதும் என்று எழுதினால் சினிமா மாதிரி இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

பரணி


திருப்பதி
8 டிசம்பர் 2025

மாமா,

கல்லூரியில் முடிவு சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் வரைக்கும்தான் வேலை, அதற்கப்புறம் வேண்டாமாம். பட்டியல் தராததற்கு என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. போகிறதற்குள் பெட்டியை எப்படி வைக்க வேண்டும், எதை எழுதக்கூடாது என்று இரண்டு பக்கம் எழுதி முதல்வரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். அவர் படித்துவிட்டு, “உனக்கு எதுக்கும்மா இவ்ளோ அக்கறை?” என்றார். சொன்னால் அது பெரிய கதை.

ஏப்ரல் வரை சனிக்கிழமைதோறும் வருகிறேன். திங்கள் காலை முதல் பஸ்ஸில் திரும்பிவிடலாம். சாம்பாரில் வெல்லம் போட வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லத் தேவையில்லை, தெரியும், ஆனாலும் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய தாளைப் பத்து நாளாகப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். லேபில், மெஸ்ஸில், பஸ் நிறுத்தத்தில் எடுத்துப் படிக்கிறேன். முதலில் கோபம்தான் வந்தது. ஏதோ தோற்றுவிட்டு ஒப்பம் வைப்பது மாதிரி. என் வயிற்றில் இன்னொன்று வராது என்று நானே எழுதிக் கொடுப்பது மாதிரி. அப்புறம் ஒரு நாள் சந்தைப் பக்கம் ஒரு அம்மா, ஐந்து வயசு இருக்கும் ஒரு பெண்ணின் பள்ளிக்கூடப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, “சீக்கிரம் நட, நைனா வந்துக்கினு இருப்பாரு” என்று இழுத்துக்கொண்டு போனாள். அந்தக் குழந்தையை அவள் பெற்றாளா, வளர்த்தாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. அந்தப் பை மட்டும் எனக்கு வேண்டும் என்று இருந்தது. அந்த அவசரம் வேண்டும் என்று இருந்தது. நீங்கள் வாசலில் நிற்பது வேண்டும் என்று இருந்தது.

தரணிக்காக இன்னும் அழுவேன். அது நிற்காது. நின்ற பிறகுதான் இன்னொரு குழந்தை என்றால் நாம் கிழவன் கிழவி ஆகிவிடுவோம். வருகிற குழந்தைக்கும் ஒரு அழுகை இருக்கும். மூன்று பேரும் ஒரே வீட்டில் அழலாம், சாப்பிடலாம்.

தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை. பயந்துவிடாதீர்கள். தபாலில் போகிற கையெழுத்தாக அது இருக்க வேண்டாம். சனிக்கிழமை ஐந்து மணி பஸ்ஸுக்கு வருகிறேன். சென்டரைக் கொஞ்சம் சீக்கிரம் மூடிவிட்டு மேலே வாருங்கள். அத்தையும் பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் முதலில் போடுங்கள். நான் பார்த்துக்கொண்டிருந்து, அப்புறம் போடுகிறேன்.

தாட்சா